நுஹாவின் கன்னக்குழி

கல்முனைக்குடி
12.10.2008

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, வாப்பா, நான் மூவரும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். தம்மாமில் வெயில் தணிந்ததா, உங்கள் முதுகுவலி தணிந்ததா என்று உம்மா கேட்கச் சொன்னார்.

போனில் "ஓம், சரி, வைக்கிறன்" என்பதற்கு மேல் உங்களிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் அப்துல் கபூர் காக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் அறையிலேயே படுப்பவர். கடிதம் கிடைக்கவில்லை என்று நீங்கள் தப்ப முடியாது.

புதினம் இதுதான். தொழில்நுட்பக் கல்லூரியில் கணினியில் படம் திருத்தும் வகுப்புக்கு என்னை எடுத்துவிட்டார்கள். படிப்பிப்பவர் திருக்கோவில் தனஞ்சயன் சேர். இரண்டு பேருக்கு ஒரு கணினி. என்னோடு காரைதீவு மேனுஜா இருக்கிறாள். எங்கள் தலைக்கு மேலே உள்ள காற்றாடி மட்டும் சுற்றாது.

ஒரு படத்தின் தலையை வெட்டி இன்னொன்றில் பொருத்துவது முதல் பாடம். பின்வரிசைப் பொடியன்கள் சேரின் தலையையே வெட்டி வயலில் நின்ற எருமையில் பொருத்திவிட்டார்கள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சேர் குனிந்து பார்த்துவிட்டு, "தலைக்கு வெயில் இடப்பக்கத்தால அடிக்குது, மாட்டுக்கு வலப்பக்கத்தால அடிக்குது. திருத்திப்போட்டுக் காட்டுங்க" என்றார். உம்மாவிடம் சொன்னேன். "மாட்டுக்குத் தலை மாத்தவா மகள் உன்னப் படிக்க விட்ட?" என்கிறார்.

வாப்பா வழமைபோல் பள்ளிவாசலும் வீடுமாக இருக்கிறார். கடற்கரைப் பக்கம் போவதில்லை.

பதில் எழுதுங்கள். 'ஓம், சரி' என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கச்சி ஸப்னா

*

தம்மாம்
07.11.2008

அன்பின் தங்கச்சி ஸப்னாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் சுகம். நீ படிப்பதை அறிந்து சந்தோசம்.

உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து ஒரே யோசனை. உனக்குத் தெரியும், சுனாமிக்குப் பிறகு நான் வந்தபோது, பரீனா எனக்கு அனுப்பியிருந்த மகள் நுஹாவின் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்தேன். பள்ளிவாசல் சுவரில் ஒட்டினேன். அகதி முகாம்களில் கொடுத்தேன். தேடித் தருகிறோம் என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்று கொடுத்தேன். பரீனாவின் மையித் கிடைத்து அடக்கினோம். நுஹாவும் கிடைக்கவில்லை, படங்களும் திரும்பவில்லை. நான் சவூதிக்கு வரும்போது அவள் பரீனாவின் வயிற்றில். நான் அவளைப் பார்த்ததெல்லாம் படத்தில்தான். இப்போது அதுவும் இல்லை.

பரீனா வீட்டுக் கிணற்றடியில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்தோமே, உம்மாவின் பெட்டியில் இருக்கிறது. முகம் அழிந்த படம். உன் வகுப்பில் அதைத் திருத்த ஏலுமா? முகத்தை மட்டும் எடுத்துத் தா. உன்னிடம் நான் வேறு ஒன்றும் கேட்டதில்லை.

உம்மாவுக்கு என் சலாம். அவரது கால் வீக்கத்துக்கு மருந்து எடுக்கச் சொல்.

இப்படிக்கு,
முஸ்தாக்

*

கல்முனைக்குடி
02.12.2008

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். உம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. உங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி அமையத் துஆச் செய்கிறோம்.

படத்தை ஸ்கேன் பண்ணிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைச் சட்டை இருக்கிறது. கை வளையல் இருக்கிறது. ஒரு காலில் மட்டும் செருப்பு. ஓரத்தில் பரீனா மதினியின் கை, பிள்ளை விழாமல் பிடித்தபடி. முகம் இருந்த இடத்தில் நிறம் உரிந்து வெறும் வெள்ளை, காக்கா. எவ்வளவு பெரிதாக்கினாலும் வெள்ளைதான் பெரிதாகிறது.

சேரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "கொஞ்சமாவது மிஞ்சியிருந்தாத் திருத்தலாம் பிள்ள. இதில ஒண்டுமில்ல. இனி நீ உண்டாக்கத்தான் வேணும். அது வேற வேல" என்றார். அந்த வேலையை உம்மாவிடம் சொன்னபோது கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, "முகம் உண்டாக்கிறது அல்லாஹ்ட வேல மகள். நமக்கு ஏன் அது?" என்றார். படம் எடுப்பதற்கு உம்மா ஒன்றும் சொல்வதில்லை. இதற்குத்தான் பயப்படுகிறார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய?

இன்னொன்று. எல்லாருக்கும் சலாம் எழுதுகிறீர்கள், வாப்பாவுக்கு மட்டும் இல்லை. கரைவலை இழுப்பதைக் காட்டத்தான் அன்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் வந்தபோது அவர் கைக்குள்தான் அவள் கை இருந்தது. நீங்கள் வந்து "ஏன் வாப்பா கைய விட்டீங்க?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்களும் அவரோடு கதைக்கவில்லை, அவரும் யாரோடும் அதைக் கதைக்கவில்லை.

வஸ்ஸலாம்.
ஸப்னா

*

தம்மாம்
26.12.2008

தங்கச்சி,

ஸலாம். சுகம்.

இன்றைக்கு என்ன நாள் என்று உனக்குத் தெரியும். வேலைக்குப் போகவில்லை.

உண்டாக்கு. அது அவள் இல்லை என்று எனக்கு விளங்கும். நான் சின்னப் பிள்ளை இல்லை. பார்க்கிறதுக்கு ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

வாப்பாவின் கதையை விடு.

முஸ்தாக்

*

கல்முனைக்குடி
14.02.2009

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். வழியெல்லாம் சோதனைச் சாவடி. பஸ்ஸில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வகுப்புக்குப் போக முன்பே களைத்துவிடுகிறது. அதுதான் தாமதம்.

படம் இதற்குள் இருக்கிறது. பார்க்கும் முன்பு நான் எழுதுவதை வாசியுங்கள். கண்கள் உங்களுடையவை, உங்கள் பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து எடுத்தேன். வாய் மதினியின் அடையாள அட்டையிலிருந்து. கன்னத்துக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. மேனுஜா தன் அண்ணனின் மகளுடைய படத்தைக் கொண்டுவந்து தந்தாள். காரைதீவுப் பிள்ளையின் கன்னம் அது. அதில் இடப்பக்கம் ஒரு குழி விழும். அழித்துப் பார்த்தேன், முகம் மெழுகுப் பொம்மை போல் ஆகிவிட்டது. சேர் விட்டுவிடச் சொன்னார். விட்டுவிட்டேன். நுஹாவுக்குக் கன்னக்குழி இல்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை, எனக்குத் தெரியும்.

முதற்படத்தில் கை வைக்கக் கூடாது, அதன் மேலே இன்னொரு படலம் விரித்து அதில்தான் வேலை செய்ய வேண்டும் என்பது சேரின் கட்டளை. ஆகவே நான் செய்த முகத்தை நீக்கினால் அடியில் அந்த வெள்ளை அப்படியே இருக்கும்.

நெற்றி எப்படி, மூக்கு எப்படி என்று வாப்பாவிடம் கேட்டேன். கடைசியாகப் பார்த்தவர் அவர்தானே. "கேளாத மகள்" என்றார். எழுந்து வுழுச் செய்யப் போய்விட்டார், தொழுகைக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. செய்து முடித்ததை அவரிடம் காட்டவில்லை.

காக்கா, இது ஒரு வாரமாக என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கண்ணை மூடி நுஹாவை நினைத்தால் இந்த முகம் வந்து நிற்கிறது. எனக்கு விருப்பமில்லை. நீங்கள் அதிகம் பார்க்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.
ஸப்னா

*

தம்மாம்
22.03.2009

என் அன்பின் தங்கச்சிக்கு,

அல்ஹம்துலில்லாஹ். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உன் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அறையில் எல்லாரும் பார்த்தார்கள். கபூர் காக்கா அழுதுவிட்டார். எங்கள் லொறி ஓட்டும் மட்டக்களப்பு இராசதுரை அண்ணன், "உங்கட கண்தான் முஸ்தாக்" என்றார். பரீனா முதல் பெருநாளுக்கு அனுப்பிய படத்தில் நுஹா சிரித்துக்கொண்டிருப்பாள், அந்தக் குழி அப்படியே இருக்கிறது. நான் மறந்து போயிருந்தேன். நீ ஞாபகப்படுத்திவிட்டாய்.

சாப்பாடு இப்போது இறங்குகிறது. போனிலும் இனி ஒழுங்காகக் கதைப்பேன்.

ஒரு வேலை மட்டும் செய். வருகிற ஜூனில் அவளுக்கு ஏழு வயது. இந்தப் படத்தில் அவள் குழந்தை. ஏழு வயதில் எப்படி இருப்பாள் என்று செய்து அனுப்பு. கணினியில் அது ஏலும் என்று இராசதுரை அண்ணன் சொல்கிறார்.

உம்மாவுக்கும் உனக்கும் என் சலாம்.

முஸ்தாக்

*

கல்முனைக்குடி
25.04.2009

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறோம். நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு உம்மா இரண்டு ரக்அத் தொழுதார்.

காக்கா, நுஹாவுக்குக் கன்னக்குழி இல்லை. அது மேனுஜாவின் அண்ணன் மகளுடையது. போன கடிதத்திலேயே எழுதினேன். போனிலும் சொன்னேன். நீங்கள் "ஓம், ஓம்" என்றுவிட்டு, அந்தக் குழி உங்கள் உம்மம்மாவுக்கும் இருந்ததாகச் சொன்னீர்கள். அவர் எனக்கும் உம்மம்மாதான். அவருக்கும் இருக்கவில்லை.

ஏழு வயதுப் படத்தைச் செய்ய மாட்டேன் என்றுதான் இருந்தேன். இறுதிச் சோதனைக்கு, ஒரு பிள்ளையின் படத்தை வளர்த்துக் காட்டும்படி சேர் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். வேறு பிள்ளையின் படத்தை எடுத்து வைத்தேன். கை போகவில்லை. இதைத்தான் செய்தேன். முகத்தை நீட்டினேன், தலைமயிரைப் பின்னிவிட்டேன். "ஏழு வயசெண்டா முன்பல்லு விழுந்திருக்கும், மறந்திராத" என்று சேர் சொன்னார். ஒரு முன்பல்லை எடுத்துவிட்டேன்.

வகுப்பில் எனக்கு முதலாமிடம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கட்டிடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மேனுஜா வந்து பக்கத்தில் நின்றாள்.

வீட்டுக்கு இரண்டு பிரதி கொண்டுவந்தேன். ஒன்றைக் காணவில்லை. மற்றதை உங்களுக்கு அனுப்புகிறேன். அனுப்பக் கூடாது என்று மனம் சொல்கிறது. அனுப்பாவிட்டால் நீங்கள் மறுபடியும் சாப்பிடாமல் இருப்பீர்கள் என்றும் சொல்கிறது.

வஸ்ஸலாம்.
ஸப்னா

*

தம்மாம்
29.05.2009

அன்பின் தங்கச்சிக்கு,

ஸலாம். படம் கிடைத்தது. எவ்வளவு வளர்ந்துவிட்டாள்.

நாட்டில் சண்டை முடிந்துவிட்டது. இங்கே எல்லாரும் டீவிக்கு முன்னால்தான். வவுனியாப் பக்கம் முகாம்களில் கணக்கில்லாத சனம், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். இராசதுரை அண்ணன் ஒரு கதை சொன்னார். சுனாமியில் தனித்துப்போன பிள்ளைகளை யார் யாரோ எடுத்து வளர்த்தார்களாம், சிலரை வடக்குக்கும் கொண்டுபோனார்களாம். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் சொன்னதாம்.

இத்தனை வருசம் அந்தப் பக்கம் போக வழி இல்லை. இப்போது போகலாம். என் கையில் படமும் இருக்கிறது. லீவு கேட்டிருக்கிறேன்.

துஆச் செய்யுங்கள்.
முஸ்தாக்

*

கல்முனைக்குடி
12.06.2009

காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம் கேட்க நேரமில்லை, மன்னியுங்கள்.

போக வேண்டாம். அந்த முகத்தோடு இந்த உலகத்தில் ஒரு பிள்ளையும் இல்லை. சுற்றாத காற்றாடிக்குக் கீழே இருந்துகொண்டு நான் செய்தது அது. நுஹா உயிரோடு இருந்தாலும், அல்லாஹ் அறிவான், அவள் அந்தப் படத்தில் இருப்பதுபோல் இருக்க மாட்டாள். நீங்கள் அவளுக்குப் பக்கத்தாலேயே நடந்து போவீர்கள், உங்களுக்குத் தெரியாது.

அது அவள் இல்லை என்று விளங்கும் என்றீர்களே. நான் சின்னப் பிள்ளை இல்லை என்றும் எழுதினீர்களே.

வீட்டுக்கு வாருங்கள். லீவு கிடைத்தால் நேரே வீட்டுக்கு வாருங்கள்.

ஸப்னா

*

வவுனியா
25.08.2009

அன்பின் தங்கச்சி ஸப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லாருக்கும் நோன்பு நல்லபடி போகத் துஆச் செய்கிறேன். நீ ஜூனில் எழுதியது கிடைத்தது. பதில் எழுதாமல் இருந்தேன். வந்ததையும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே பள்ளிவாசலில் தங்கியிருக்கிறேன்.

முகாமுக்குள் போக விடமாட்டார்கள். முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம், அந்தப் பக்கம் அவர்கள் நிற்பார்கள். எல்லார் கையிலும் படம். நான் நுஹாவின் படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் நின்றேன்.

முந்தாநாள் ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கம்பி கையைக் கிழிப்பதையும் பார்க்கவில்லை. "இது என்ர பிள்ளை. எங்கையண்ணை இந்தப் படம் எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். இல்லை, இது என் மகள் என்றேன். "இல்லையண்ணை, இந்தக் கன்னத்திலதான் அவளுக்குக் குழி விழுறது. விழுந்த பல்லு இன்னும் முளைக்கேல்லை. வடிவாப் பாருங்கோ" என்றாள். அவள் பிள்ளை செல் குண்டு விழுந்து செத்துப்போனதாகப் பக்கத்தில் நின்றவர் எனக்குச் சைகை காட்டினார். வரும்போது ஒரு படத்தையும் எடுத்துவரவில்லையாம்.

என் மகள் என்று மறுபடியும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஸப்னா. அவள் அழுகையைப் பார்த்தபோதுதான் நீ எழுதியதெல்லாம் மண்டையில் ஏறியது. படத்தைச் சுருட்டிக் கம்பிக்கு ஊடாகக் கொடுத்துவிட்டேன். அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

பள்ளிக்கு வந்து நுஹாவை நினைத்துப் பார்த்தேன். கொடுத்துவிட்ட முகம்தான் வருகிறது. பரீனா அனுப்பிய ஒரு படமும் ஞாபகத்தில் இல்லை. என் மகளின் முகத்தை நானே அழித்துவிட்டேன்.

எனக்கு அந்த முகமில்லாத படத்தை அனுப்பு. மேலே ஒன்றும் செய்யாதே. வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேள். அந்தக் காலையில் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்கு வாயால் சொல்வாரா? அவருக்கு மட்டும்தான் தெரியும். கையைப் பற்றி இனி ஒரு நாளும் கேட்க மாட்டேன் என்று சொல். அவர் சம்மதித்தால்தான் வீட்டுக்கு வருவேன், இல்லாவிட்டால் எந்த முகத்தோடு வருவது? கொழும்பில் கபூர் காக்காவின் மச்சான் வீட்டு விலாசத்துக்கு எழுது.

வாப்பாவுக்கு என் சலாம்.

முஸ்தாக்

*

கல்முனைக்குடி
03.09.2009

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். வாப்பா சுகம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்பவும் வாசித்தேன். நீங்கள் கேட்டதையும் சொன்னேன்.

நோன்பு திறந்த பிறகு என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "வரச் சொல்லு மகள். எல்லாம் சொல்றன். முதல்ல உனக்குச் சொல்லிப் பாக்கிறன், அவனுக்கிட்டப் பிழைச்சிடக் கூடாது" என்றார். இத்தனை வருசத்தில் வாப்பா அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. பச்சைச் சட்டை என்றார். வலைக்குள் மீன் துள்ளுவதைப் பார்த்துக் கத்தினாள் என்றார். மணலில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டாளாம். வாப்பா அழவில்லை, முகம் தெளிந்திருந்தது.

பிறகு சொன்னார். "சிரிச்சா இந்தக் கன்னம் குழியும் மகள். அண்டைக்கும் சிரிச்சிக்கிட்டுத்தான் நிண்டாள். முன்பல்லு ஒண்டு விழுந்து, அதுக்குள்ளால நாக்கு தெரியும்."

காக்கா, நுஹாவுக்கு அப்போது இரண்டரை வயது.

அவர் தராவீஹ் தொழுகைக்குப் போன பிறகு தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். காணாமல் போன பிரதி அங்கே இருந்தது. மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

நானும் வெகுநேரம் யோசித்தேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளையை நினைத்துப் பார்த்தேன். அவளைக் குளிப்பாட்டியது ஞாபகம் இருக்கிறது, சோறூட்டியது ஞாபகம் இருக்கிறது. முகத்துக்கு வந்தால் எனக்கும் நான் செய்ததுதான் வருகிறது. உம்மாவுக்கும் அதுதான் வருகிறதாம். இனிக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

முகமில்லாத படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் நான் கை வைக்கவில்லை.

வாருங்கள் காக்கா. பஸ்ஸடிக்கு வாப்பாவே வருவாராம், கடற்கரை வீதியால் உங்களைக் கூட்டிக்கொண்டு நடப்பாராம். போகும்போது நுஹாவைப் பற்றிச் சொல்வார். அந்தப் பல்லைப் பற்றியும் சொல்வார். ஒன்றும் கேட்காதீர்கள். ஓம் வாப்பா என்று மட்டும் சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

வஸ்ஸலாம்.
உங்கள் தங்கச்சி ஸப்னா